குளத்துக் காயும் கொதிநீரும்

நீரில் விளையும் காய்களையும் கீரைகளையும் பச்சையாக உண்பதில் மறைந்திருக்கும் அபாயம் எது, அதற்கு உபாயம் எது?

கங்கைச் சமவெளியில் மழைக்காலம் ஓய்ந்து, தசராக் கொண்டாட்டமும் கழிந்து, தீபாவளிக்கு வேண்டிய அகல்கள் கடைகளில் குவியத் தொடங்கும் நாட்களில், கிழக்கு உத்தரப் பிரதேசத்திலோ பிஹாரிலோ எந்தச் சிறு நகரத்தின் கடைவீதியில் நடந்தாலும், தரையில் சாக்கை விரித்து அதன்மேல் இரண்டு குவியல்களாக விற்கப்படும் ஒரு விசித்திரமான காயைக் காணலாம். ஒரு குவியல் பசுமையும் செம்மையும் கலந்த நிறத்தோடு ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். மற்றது கரியைப்போலக் கறுத்திருக்கும். இரண்டும் ஒரே காய்தான். இரு புறமும் கொம்பு முளைத்தாற்போன்ற அதன் வடிவத்தைக் கண்டு சம்ஸ்கிருதத்தில் அதற்குச் சிருங்காடகம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே வழக்கில் தேய்ந்து சிங்காடா ஆயிற்று. பச்சைக் குவியல் அன்று காலை குளத்திலிருந்து பறித்தது. கறுத்த குவியல் வேகவைத்தது. இரண்டுக்கும் இடையே ஒரு முழ தூரம் இருக்கலாம். இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு முழத்தைப் பற்றியதே.

பச்சைக் காயை வாங்குகிற சிறுவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் வரையில் பொறுப்பதில்லை. முன்பற்களால் கொம்பைக் கடித்துத் துப்பி, தோலைக் கீறி உரித்து, உள்ளே பால்போல் வெளுத்திருக்கும் பருப்பை மென்று தின்றபடியே நடந்துவிடுகிறான். இளம்தேங்காயை ஒத்த இனிப்பும் நறுக்கென்ற மொறுமொறுப்பும் உடைய அந்தப் பருப்பில் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் தோலில் இருக்கிறது. தோலைத் தொட்ட பல்லில் இருக்கிறது.

நீர் என்றதும் சுத்தம் என்ற எண்ணம் நம் மனத்தில் எழுவது இயல்பு. ஸ்நானம் செய்வதும், பாத்திரம் துலக்குவதும், தீட்டுக் கழிப்பதும் நீரால்தான் ஆகையால், பிறந்தது முதல் நீரிலேயே நின்ற காயும் கொடியும் பிறவியிலேயே கழுவப்பட்டவை என்று எண்ணிவிடுகிறோம். மண்ணில் விளைந்த கிழங்கைப் பார்த்தால், அழுக்கு கண்ணுக்குத் தெரிகிறது; கை தானாகவே தண்ணீரைத் தேடுகிறது. தண்ணீரில் விளைந்ததைப் பார்த்தாலோ அந்த எச்சரிக்கை உறங்கிவிடுகிறது. தாமரை இலையின் மேற்புறத்தில் தண்ணீர் ஒட்டுவதில்லை என்பது யாவரும் அறிந்த உவமை. ஆனால் தண்டிலும் வேரிலும் குளத்தில் கலந்த அனைத்தும் ஒட்டும் என்பது அவ்வளவாக நினைக்கப்படாத உண்மை. குளத்தில் நிற்பது வேறு, கழுவப்படுவது வேறு.

மாலுமியின் வயிற்றில்

இந்த உண்மை வைத்திய சாஸ்திரத்துக்குப் புலப்படத் தொடங்கிய இடம் குளக்கரை அன்று. லண்டனில் தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டு நின்ற ஒரு பழைய போர்க்கப்பல். 1805-ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் பங்குகொண்ட டிரெட்நாட் என்னும் அக்கப்பல், முதுமையுற்ற பிறகு மாலுமிகளுக்கான ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. அங்கே ரண வைத்தியராக இருந்த ஜார்ஜ் பஸ்க், 1843-இல், இறந்துபோன ஒரு கிழக்கிந்திய மாலுமியின் உடலைப் பரிசோதித்தபோது, சிறுகுடலின் முற்பகுதியில் இலைபோல் தட்டையாகவும் சதைப்பற்றோடும் கிடந்த பதினான்கு புழுக்களைக் கண்டார். மனிதரின் குடலில் வாழும் தட்டைப்புழுக்களில் அதைப் போலப் பெரியது வேறில்லை. நன்கு வளர்ந்தது ஏழரை சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் உடையது. பஸ்கின் பெயரைத் தாங்கி, பாஸியோலாப்ஸிஸ் பஸ்கி என்று இன்று அப்புழு அழைக்கப்படுகிறது. அதைத் தன் வயிற்றில் சுமந்து கடல் கடந்து சென்ற மாலுமியின் பெயர் எந்தப் புழுவுக்கும் சூட்டப்படவில்லை.

புழு கிடைத்துவிட்டது, ஆனால் அது வயிற்றுக்குள் எவ்வழியாகப் புகுந்தது என்ற கேள்விக்கு விடை காண ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. சீனாவில் கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஷாவ்ஷிங் பிரதேசத்தில், குழந்தைகள் வயிறு உப்பி, முகம் வீங்கி, மெலிந்து வருவதைக் கண்ட அமெரிக்க மிஷன் வைத்தியர் கிளாட் பார்லோ, அக்கேள்வியைத் தம் வாழ்க்கைப் பணியாக மேற்கொண்டார். குளங்களில் விளைந்த காய்களையும், அங்கே ஊர்ந்த நத்தைகளையும், வயல்களுக்கு உரமாக இடப்பட்ட மனித மலத்தையும் ஒன்றோடொன்று இணைத்து ஆராய்ந்த அவர், அப்புழுவைத் தம் சொந்த வயிற்றிலேயே வளர விட்டுப் பரீட்சித்தும் பார்த்தார். அவருடைய முடிவுகள் 1925-இல் நூலாக வெளிவந்தன. பல்லால் உரித்துத் தின்னப்படும் சிங்காடா இனக் காயும், சீனர் பிச்சி என்று சொல்லும் நீர்க்கிழங்கும் புழுவின் வாகனங்கள் என்பது அதனால் ஸ்தாபிக்கப்பட்டது.

நத்தை தரும் இடைவீடு

பார்லோவும் அவரை ஒத்த ஆராய்ச்சியாளரும் கண்டறிந்த வரலாற்றை ஆதியோடந்தமாகப் பார்த்தால், இயற்கையின் சூட்சுமத்தை வியப்பதா, அதற்கு நாம் செய்துகொடுக்கும் சௌகரியத்தைக் கண்டு நாணுவதா என்று தெரியாமல் திகைக்க வேண்டியிருக்கிறது. மனிதனுடைய குடலிலோ பன்றியின் குடலிலோ குடியிருக்கும் ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 25,000 முட்டைகள் இடுகிறது. அவை மலத்தோடு வெளியேறுகின்றன. வறண்ட மண்ணில் விழுந்தால் அங்கேயே அழிகின்றன. குளத்தில் விழுந்தால், வெதுவெதுப்பான நீரில் மூன்று முதல் ஏழு வாரங்களுக்குள் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக நீந்தி, தட்டையாகச் சுருண்ட ஓடுடைய ஒருவகைச் சிறு நத்தையைத் தேடிப்பிடித்து அதன் உடலுக்குள் நுழைகின்றன. நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, வாலுடைய புதிய உருவம் எடுத்து, மறுபடியும் நீருக்கு வருகின்றன. பிறகு அருகிலுள்ள காயிலோ, தண்டிலோ, இலையிலோ ஒட்டிக்கொண்டு, வாலை உதறிவிட்டு, தம்மைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கின்றன.

அந்த உறையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கூர்ந்த பார்வை உடையவருக்கும் அது ஒரு தூசாகத்தான் தோன்றும். அதற்குள் இருக்கும் இளம்புழுவுக்கு வேண்டியது ஈரம் ஒன்றே. ஈரம் இருக்கும் வரையில் பல வாரங்கள் அது உயிரோடு இருக்கும். ஈரம் வற்றினால் மாண்டுபோகும். காய் வாடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் குவியலின்மேல் அடிக்கடி தண்ணீர் தெளிக்கும் வியாபாரி, தான் அறியாமலேயே, அந்த உறைக்குள் இருப்பதற்கும் உபசாரம் செய்துகொண்டிருக்கிறான்.

பல்லில் பட்ட உறை வயிற்றில் இறங்கி, சிறுகுடலில் பிளந்து, சுமார் மூன்று மாதத்தில் முழு வளர்ச்சி அடைந்து முட்டையிடத் தொடங்குகிறது. ஓராண்டு அளவு வாழ்கிறது. ஓரிரண்டு புழுக்கள் இருப்பவருக்கு எந்த உபாதையும் தெரியாமலே போகலாம். மிகுந்துவிட்டால் வயிற்று வலி, பேதி, இரத்தச் சோகை, கால்களிலும் முகத்திலும் நீர் கோத்த வீக்கம் ஆகியவை தோன்றுகின்றன. கவனிக்கப்படாத குழந்தைகளுக்கு உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கிறது. சீனா, தாய்வான், தாய்லாந்து, வங்காளதேசம் முதலியவற்றோடு நம் நாட்டில் அஸ்ஸாம், வங்காளம், பிஹார், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டிருக்கிறது. பிரசிகுவாண்டெல் என்னும் மருந்து இதைத் தீர்க்கவல்லது. ஆனால் மருந்துண்டு எழுந்த குழந்தை, அதே குளத்துக் காயை மறுநாளே பல்லால் உரிக்குமானால், அந்தச் சிகிச்சைக்கு நிலைத்த பயன் ஏது?

ஈரலைத் தேடும் உறவினன்

இந்தக் குடற்புழுவுக்கு நெருங்கிய உறவினன் ஒருவன் உண்டு. ஆடுமாடுகளின் ஈரலில் வாழ்வதால் அதை ஈரல் தட்டைப்புழு என்கிறோம். அதன் ஜீவிய சரித்திரத்தை, 1880-களின் தொடக்கத்தில், ஆக்ஸ்போர்டில் ஆல்ஜர்னான் தாமஸும் ஜெர்மனியில் ருடால்ப் லாய்கார்ட்டும் தனித்தனியே கண்டறிந்தார்கள். இங்கும் நடுவே நிற்பது நத்தைதான். இங்கும் இறுதியில் உறை கட்டிக்கொள்வது நீர்க்கீரைகளின்மேல்தான். ஐரோப்பியர் விரும்பிப் பச்சையாக உண்ணும் வாட்டர்கிரஸ் என்ற காரச்சுவைக் கீரை இதற்கு வெகுகாலமாகப் பேர்போன வாகனம்.

வாழும் இடத்தை அடைய இப்புழு செல்லும் வழி கொடியது. குடற்சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் புகுந்து, ஈரலின் மேலுறையைக் கிழித்து, ஈரலுக்குள்ளேயே பல வாரங்கள் ஊர்ந்து, முடிவில் பித்த நாளத்தை அடைகிறது. அந்தக் காலத்தில் நோயாளிக்கு ஜுரமும் வலப்பக்க விலாவின்கீழ் வலியும் இருக்கும். ஆனால் மலத்தைச் சோதித்தால் முட்டைகள் அகப்படமாட்டா, ஏனெனில் புழு முட்டையிடத் தொடங்க மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பித்த நாளத்தில் குடியேறிய பின் பத்தாண்டுக்கு மேலும் அது வாழக்கூடும். முதற் புழுவுக்கு ஏற்ற பிரசிகுவாண்டெல் இதனிடம் பலிப்பதில்லை. இதற்கு டிரைக்ளாபெண்டசோல் என்னும் வேறு மருந்து வேண்டும். இரண்டின் முட்டைகளோ பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் வேறுபடுத்த அரியவை. ஆதலால் நோயாளி என்ன தின்றார், எங்கே தின்றார் என்று வைத்தியர் கேட்பதும், நோயாளி வெட்கப்படாமல் சொல்வதும், சில சமயம் பரிசோதனைச் சாலையைக் காட்டிலும் பெரிய துணையாகின்றன.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேர் ஈரல் தட்டைப்புழு நோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள். பொலிவியாவில் டிட்டிகாக்கா ஏரிக்கும் லா பாஸ் நகருக்கும் இடைப்பட்ட குளிர்ந்த மேட்டுநிலத்தில் வாழும் மக்களிடையே அது மிக அதிகம். ஈரானில் காஸ்பியன் கடலை அடுத்த கிலான் மாகாணத்தில் 1980-களின் இறுதியில் அது கொள்ளைநோய்போல் பரவியபோது, 10,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். நீரோரத்துக் கீரைகளை அங்குள்ளோர் பச்சையாகவும் உப்பிட்டும் உண்பது வழக்கம்.

நகரத்துக் கழிவுநீர்

புழு ஒன்றே இக்கதையின் வில்லன் என்று எண்ணிவிடலாகாது. நகரங்கள் பெருகப் பெருக, அவற்றின் கழிவுநீர் சென்று சேரும் ஏரிகளே நீர்க்கீரைகளின் தோட்டங்களாக மாறிவருகின்றன. கம்போடியாவின் தலைநகரான நோம் பென்னுக்குத் தெற்கே உள்ள போங் செங் ஏக் ஏரியில் அந்நகரத்தின் கழிவுநீர் வந்து கலக்கிறது. அந்நீரிலேயே பாத்தி பாத்தியாக வள்ளைக்கீரை வளர்க்கப்பட்டு, அந்நகரத்துச் சந்தைகளுக்கே திரும்பிவருகிறது. அந்த ஏரியை நம்பிப் பல குடும்பங்கள் ஜீவிக்கின்றன. கழிவில் உள்ள சத்தைத் தாவரங்கள் எடுத்துக்கொள்வதால் நீரும் ஓரளவு தெளிகிறது. அது உபகாரமான ஏற்பாடு என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்நீரில் நின்ற கீரையைப் பச்சையாகத் தின்பவர், டைபாய்டு, காமாலை, பேதி முதலிய நோய்களின் கிருமிகளுக்கும், வட்டப்புழுவின் முட்டைகளுக்கும் வாயிலைத் திறந்துவைத்தவர் ஆகிறார். கிருமிகளை நெருப்பு கொல்லும். தொழிற்சாலைக் கழிவோடு வந்து தண்டுக்குள் ஏறிவிட்ட காரீயம் போன்ற உலோகங்களை நெருப்பும் ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு ஒரே பரிகாரம், அத்தகைய நீரில் விளைந்ததை வாங்காமல் இருப்பதுதான்.

நீரின் யோக்கியதையே கீரையின் யோக்கியதை என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. வில்லியம் பிராட்பெரி என்பவர் 1808-இல் கென்ட் மாகாணத்து ஸ்பிரிங்ஹெட்டில் வாட்டர்கிரஸைப் பாத்திகட்டி வியாபாரப் பயிராக வளர்க்கத் தொடங்கினார். ஓடைக்கரையில் ஆடுமாடுகள் மேயும் இடத்தில் தானாக முளைத்த கீரையை நம்புவதற்குப் பதிலாக, சுண்ணப் பாறையிலிருந்து ஊறிவரும் ஊற்றுநீரைப் பாத்திக்குள் விட்டு, கால்நடை அணுகாதபடி காத்துப் பயிரிடும் முறை அங்கே வேரூன்றியது. பண்ணைக் கீரையை அந்நாட்டார் துணிந்து பச்சையாக உண்கிறார்கள். காட்டோடைக் கீரையைப் பச்சையாகத் தொடவேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். கீரை ஒன்றே, நீர்தான் வேறு.

கழுவினால் போதாதா?

போதாது என்பதே விடை. உறை கட்டிய புழு இலையின்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, பசையிட்டதுபோல் ஒட்டியிருக்கிறது. குழாய் நீரில் பலமுறை அலசினால் மண்ணும், கிருமிகளில் ஒரு பகுதியும் போகும். உறைகள் அத்தனையும் போயின என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. உப்புநீர், எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவற்றைச் சாப்பாட்டுக்கு ஏற்ற அளவில் சேர்ப்பது சுவைக்கு உதவும், காவலுக்கு உதவாது. பழைய வீடுகளில் பழக்கமாயிருந்த பொட்டாசியம் பர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பு நீர் கண்ணுக்குத் தைரியம் அளிக்கிறது. அத்தைரியத்தை முழுதும் நம்பலாகாது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் தீங்கு நீங்கும் என்பதும் மயக்கமே. குளிரும் ஈரமும் அந்த உறைக்கு அநுகூலமானவை.

இனி உபாயம் யாது எனில், அது மிக எளியது: கொதிக்கும் நீர். தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுதும் மூழ்கும்படி இட்டால், தோலின் மேல் உள்ள உறைப்புழு சில விநாடிகளிலேயே சாகும். கீரையானால் நன்றாகத் துவளும்வரையும், காயும் கிழங்குமானால் உள்ளே வேகும்வரையும் விட்டுவைப்பது மற்றக் கிருமிகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. பச்சையாகத்தான் உண்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவரும், தோலோடு கொதிநீரில் முக்கி எடுத்து, பிறகு சுத்தமான கத்தியால் உரித்து, உரித்த பருப்பைக் குடிநீரில் அலசி உண்ணலாம். பல்லை மட்டும் தோலின் அருகே கொண்டுபோகலாகாது. தோல் சீவிய பலகையிலும் கத்தியிலும் கழுவாமல் வேறு காய் நறுக்குவதும், தோலைத் தொட்ட கையால் குழந்தைக்குச் சோறூட்டுவதும், அடுப்பில் கொன்ற அபாயத்தை மேடையில் உயிர்ப்பிப்பதற்கு ஒப்பாகும்.

நெருப்பு அறிந்த சமையல்

இவ்வளவையும் படித்தபின், நீர்க்காய் உண்பதே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அறிவீனம். குளத்தை நம்பி வாழ்ந்த சமூகங்கள், நத்தையையும் புழுவையும் அறியாமலேயே, நெருப்பாலும் வெயிலாலும் இவ்வுணவுகளைச் சுத்தி செய்து வந்திருக்கின்றன. மிதிலையின் குளங்களில், மல்லா என்னும் மீனவக் குடியினர் சேற்றுக்குள் மூழ்கி அரித்தெடுக்கும் அல்லி இன விதை, காய்ச்சிய வாணலியில் வறுபட்டுப் பொரிந்த பின்பே மக்கானா ஆகிறது. நவராத்திரி விரதத்தில் வட நாட்டார் தானியத்துக்குப் பதிலாக உண்ணும் சிங்காடா மாவு, காயை வெயிலில் சுக்காக உலர்த்தி அரைத்தது. உலர்ந்த இடத்தில் அந்தப் புழுவுக்கு வாழ்வில்லை. அதே குளத்தின் பிரசாதமாகிய மக்கானாவும் மாவும் வேகவைத்த கறுப்புக் காயும் தீங்கற்றிருக்க, நெருப்பையும் வெயிலையும் காணாத பச்சைக் காய் ஒன்றே சந்தேகத்துக்கு இடமாகிறது.

நம் சமையலிலும் இந்த விவேகம் இருக்கிறது. தாமரைத் தண்டை நறுக்கி, மோரும் உப்பும் ஊட்டி, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்து வற்றலாக உண்கிறோம். வள்ளைக்கீரையை வதக்கியோ பருப்போடு கடைந்தோ உண்கிறோம். சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில், வல்லாரையைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் செய்யும் சம்பல் அமிர்தமான பண்டம். வல்லாரையோ வரப்போரத்திலும் வாய்க்கால் கரையிலும் தழைக்கும் கீரை. அதைக் கைவிடச் சொல்வது கொடுமை. ஆனால் எந்த வாய்க்காலோரம் பறித்தது என்று அறியாத சந்தைக் கட்டை அப்படியே அரிவதைக் காட்டிலும், வீட்டுத் தொட்டியில் கிணற்று நீர் ஊற்றி வளர்த்ததைப் பறிப்பது மேல். அதுவும் இல்லையெனில் அன்று ஒரு நாள் சம்பலை விட்டுச் சுண்டலாக வதக்கிக்கொள்வது மேல்.

அடுக்களையோடு இப்பொறுப்பு முடிந்துவிடவில்லை. கழிப்பிடம் இல்லாத ஊரில் மலம் மழையோடு குளத்துக்குப் போகும். பன்றிகள் கரையில் திரிந்தால் புழுவின் வட்டம் அறாது. பக்குவமடையாத மலத்தை உரமாகக் கொட்டினால் நத்தைக்கு நாமே விருந்து வைத்ததாகும். இடுப்பளவு நீரில் நின்று காய் பறிக்கும் தொழிலாளியைக் குறைகூறிப் பயனில்லை. முதலில் துன்பப்படுகிறவன் அவன்தான். குளத்துக்குள் அசுத்தம் சேராமல் காப்பது பஞ்சாயத்தின் கடமை. கொதிநீரைக் காயவைப்பது வாங்குகிறவரின் கடமை. முன்னது நிறைவேறப் பல ஆண்டுகள் ஆகலாம். பின்னது இன்றைக்கே ஆகக்கூடியது.

ஆகவே அடுத்த கார்த்திகையில் வடநாட்டுக் கடைவீதி ஒன்றில் நிற்க நேரும் வாசகர், கறுத்த குவியலிலிருந்தே வாங்குவாராக. பச்சைக் குவியல்தான் இருக்கிறதென்றால், அதையும் வாங்கலாம். கூட வரும் குழந்தை வழியில் கடித்துவிடாமல் பையின் வாயைக் கட்டி எடுத்து வந்து, தோலை உரிக்குமுன் கொதிநீரில் இட வேண்டும். அவ்வளவே.